விளையாடிக்கொண்டே கற்ற ஜெர்மன்: ஒரு சின்ன வரலாறு

ஜெர்மன் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு மாணவனைத் திணறடிக்க மூன்று பொருட்கள் போதும். ஸ்பூன், முள்கரண்டி, கத்தி. ஜெர்மன் மொழியில் ஸ்பூன் ஆண்பால், 'டேர் லோஃபெல்'. முள்கரண்டி பெண்பால், 'டீ காபெல்'. கத்தி இரண்டிலும் சேராத மூன்றாவது பால், 'டாஸ் மெஸ்ஸர்'. உயர்திணை, அஃறிணை என்று தெளிவாகப் பிரித்துப் பழகிய தமிழ் மூளைக்கு இது எந்தக் கணக்கிலும் அடங்காது. அதைவிடக் கொடுமை, 'சிறுமி' என்ற சொல்லும் ஜெர்மனில் அந்த மூன்றாவது பாலில்தான் வரும்!

இதற்கு வகுப்பறை தரும் பதில் ஒன்றுதான்: மனப்பாடம். ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் வேறொரு பதிலும் மெல்ல வளர்ந்திருக்கிறது. ஜெர்மன் மொழியில் வீடியோ கேம் ஆடினால் மொழி தானாக வருமா? கேட்டவுடன் படிப்பைத் தட்டிக்கழிக்கச் சொல்லும் சாக்கு போலத்தான் தோன்றும். ஆனால் இதற்குப் பின்னால் சுவையான வரலாறு ஒன்று இருக்கிறது. அதில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், கடற்கொள்ளையர்கள் இருக்கிறார்கள், உப்பு வியாபாரிகளும் இருக்கிறார்கள் :)

உளவாளியும் இன்ஸ்பெக்டரும்

கதை ஜெர்மனியில் அல்ல, அமெரிக்காவில் தொடங்குகிறது. 1980களில் ஒஹாயோ மாநிலத்தின் மியாமி பல்கலைக்கழகத்தில் ரூத் சாண்டர்ஸ், ஆல்டன் சாண்டர்ஸ் என்ற இருவர் 'ஷ்பியோன்' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். ஷ்பியோன் என்றால் உளவாளி. படம், சத்தம் எதுவும் பெரிதாக இல்லாத காலம் அது. மாணவன் ஜெர்மனில் வாக்கியத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். கணினி அந்த வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொண்டால்தான் கதை நகரும்.

அடுத்து வந்தது வில்லியம் டிஸ்மெட் உருவாக்கிய 'ஹெர் கொமிஸார்'. இன்ஸ்பெக்டர் ஐயா என்று சொல்லலாம். 1995ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில் இதைப் பற்றி அவரே விரிவாக எழுதியிருக்கிறார். ஓரளவு ஜெர்மன் தெரிந்த மாணவர்களுக்கானது இது. மாணவன்தான் இன்ஸ்பெக்டர். ஒரு குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு உரியவர்களை ஜெர்மனில் விசாரிக்க வேண்டும். கேள்வியை ஒழுங்காகக் கேட்கத் தெரியாவிட்டால் வழக்கு நகராது.

இந்த இரண்டு முயற்சிகளிலும் ஒரே கருத்துதான் அடிப்படை. தேர்வில் ஒரு சொல் தப்பினால் மதிப்பெண் போகும், அவ்வளவுதான். விளையாட்டில் ஒரு சொல் தப்பினால் கதவு திறக்காது. மதிப்பெண் போனதை இரண்டு நாளில் மறந்துவிடலாம். திறக்காத கதவு அப்படி மறக்காது.

ஆனால் இவை ஆய்வு முயற்சிகள். கடையில் பெட்டி பெட்டியாக விற்ற சரக்கு அல்ல. மனிதன் தட்டச்சு செய்யும் எந்த வாக்கியத்தையும் புரிந்துகொள்ளும் அளவுக்கு அன்றைய கணினிக்கு மூளையும் இல்லை. அடுத்த கட்டத்துக்கு வழி காட்டியது, பாடம் நடத்தும் எண்ணமே இல்லாத சில விளையாட்டுகள்.

கடற்கொள்ளையர் கற்பித்த இலக்கணம்

1990ல் அமெரிக்காவின் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட 'மங்கி ஐலண்ட்' என்ற விளையாட்டைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். கடற்கொள்ளைக்காரன் ஆக ஆசைப்படும் ஓர் அப்பாவி இளைஞனின் கதை. இதை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தவர் போரிஸ் ஷ்னைடர். 'பவர் பிளே' என்ற ஜெர்மன் கேம் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர். பத்திரிகைக்காரரின் கை பட்டதாலோ என்னவோ, அவர் மொழிபெயர்ப்புகள் இன்றுவரை ஜெர்மானியர்களிடம் பேர் பெற்றவை.

இந்த விளையாட்டில் எதையும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. திரையின் அடியில் சில வினைச்சொற்கள் இருக்கும். அவற்றில் ஒன்றைச் சொடுக்கி, பிறகு ஒரு பொருளைச் சொடுக்க வேண்டும். 'ஓஃப்னெ' என்றால் திற. 'ஷ்லீஸெ' என்றால் மூடு. 'நிம்' என்றால் எடு. 'கிப்' என்றால் கொடு. 'பெனுட்ஸெ' என்றால் பயன்படுத்து.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அகராதியில் 'நிம்' என்ற சொல்லைத் தேடினால் நேரடியாகக் கிடைக்காது. மூலச்சொல் 'நேமென்'. 'கிப்' என்பதன் மூலச்சொல் 'கேபென்'. ஏவலாகச் சொல்லும்போது உள்ளே இருக்கும் உயிரெழுத்து மாறிவிடுகிறது. தமிழில் 'வருதல்' என்பது 'வா' ஆவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கணப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம், ஓர் அட்டவணை, நான்கு பயிற்சிகள் இருக்கும். இந்த விளையாட்டை ஆடுபவனோ 'நிம்' என்ற சொல்லை ஒரு மாலையில் நூறு முறை அழுத்தியிருப்பான். அது விதிவிலக்கு என்றே அவனுக்குத் தெரியாது. அவனைப் பொறுத்தவரை அதுதான் அந்தச் சொல்லின் இயல்பான வடிவம்.

இதே விளையாட்டில் வாள்சண்டை ஒன்று வரும். அதில் வெல்ல வாள் வீசும் திறமை உதவாது, வாய்த்திறமைதான் வேண்டும். எதிரி ஒரு வசவு சொல்வான். அதற்குப் பொருத்தமான பதிலடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தோற்றால் அந்த வசவையாவது கற்றுக்கொண்டு அடுத்தவனிடம் போய்ப் பயன்படுத்தலாம். கிட்டத்தட்ட நம்மூர் லாவணிப் போட்டி! வேற்றுமொழிக்காரன் ஒருவன் இதில் வெல்ல வேண்டுமானால் ஒவ்வொரு வாக்கியத்தையும் புரிந்துகொண்டே ஆகவேண்டும். வேறு வழியே கிடையாது.

மாவு ஆலைக்காரர் மாக்ஸ் முல்லர்

மங்கி ஐலண்ட் மொழிபெயர்ப்பு. ஜெர்மன்காரர்கள் தாங்களே உருவாக்கியவை வேறு ரகம். மற்ற நாடுகளில் சுட்டுத்தள்ளும் விளையாட்டுகள் கொடிகட்டிப் பறந்தபோது, ஜெர்மனியில் ஊர் கட்டுவதும் சரக்கு விற்பதும் லாப நஷ்டம் பார்ப்பதுமான விளையாட்டுகளுக்குத் தனி ரசிகர் கூட்டம் இருந்தது. வணிகவியல் படிக்கிறவர்களுக்குக் கேட்கவே இனிக்கும்.

1992ல் அஸ்கோன் நிறுவனம் வெளியிட்ட 'டேர் பட்ரிட்ஸியர்' ஒரு நல்ல உதாரணம். களம், இடைக்காலத்து ஹன்ஸா வணிகக் கூட்டமைப்பு. லூபெக், ஹாம்பர்க், ரீகா போன்ற துறைமுக நகரங்களின் வணிகர்கள் சேர்ந்து வடகடலிலும் பால்டிக் கடலிலும் நூற்றாண்டுக் கணக்கில் கோலோச்சிய அமைப்பு அது. (லுஃப்தான்ஸா என்ற விமான நிறுவனத்தின் பெயரே 'லுஃப்ட்', அதாவது காற்று, அத்துடன் 'ஹன்ஸா' சேர்ந்ததுதான்.) ஆட்டக்காரன் ஒரு வணிகன். உப்பு, பீர், கம்பளி, மீன் என்று ஒரு துறைமுகத்தில் வாங்கி இன்னொன்றில் விற்க வேண்டும்.

ஜெர்மனில் வாங்குவது 'கௌஃபென்'. விற்பது 'ஃபெர்கௌஃபென்'. முன்னால் ஒட்டும் ஒரே ஓர் அசை, பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது. வகுப்பில் இதைக் குழப்பினால் ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார். இந்த விளையாட்டில் குழப்பினால் கப்பல் நிறைய இருந்த சரக்கு அடிமாட்டு விலைக்குப் போய்விடும். எது மனதில் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த ஆண்டு, 1993ல், ரூர் பகுதியில் உள்ள மூல்ஹைம் நகரத்து ப்ளூ பைட் நிறுவனம் 'டீ ஸீட்லர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. குடியேறிகள் என்று பொருள். வடிவமைத்தவர் ஃபோல்கர் வெர்டிஷ். இதில் ஒரு ரொட்டி உருவாவதைப் பாருங்கள். உழவன், 'பௌவர்', தானியம் விளைவிக்கிறான். அது 'முல்லர்' என்ற மாவு ஆலைக்காரனிடம் போகிறது. மாவு 'பெக்கர்' என்ற ரொட்டிக்காரனிடம் போகிறது. ரொட்டி சுரங்கத் தொழிலாளிக்குப் போகிறது. அவன் சாப்பிட்டால்தான் இரும்புத்தாது வெளியே வரும். அது உருகி 'ஷ்மீட்' என்ற கொல்லனிடம் சேர்ந்தால்தான் வாள் கிடைக்கும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் நாடு படுத்துவிடும்.

சப்ளை செயின் பாடம் இலவசம். அதைவிட முக்கியம், சொற்கள் இங்கே பட்டியலாக வரவில்லை, ஒன்றோடொன்று கைகோத்து வருகின்றன. 'மேல்' என்றால் மாவு என்பதை மறந்தாலும், முல்லருக்கும் பெக்கருக்கும் நடுவில் போகும் மூட்டை எது என்று யோசித்தால் திரும்ப வந்துவிடும்.

இன்னொரு விஷயம். இந்தச் சொற்கள் ஏற்கனவே கேட்டவை போல இருக்கின்றனவா? ஜெர்மன் குடும்பப் பெயர்களில் பாதி இப்படி வந்தவைதான் போலும். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரின் பெயரில் ரொட்டிக்காரர் இருக்கிறார். கார் பந்தய வீரர் ஷூமாக்கரின் பெயருக்குச் செருப்புத் தைப்பவர் என்று பொருள். சென்னையில் ஜெர்மன் கற்கப் போகிறவர்கள் படியேறும் இடம் மாக்ஸ் முல்லர் பவன். வேதங்களைப் பதிப்பித்த அந்த அறிஞரின் மூதாதையர் யாரோ மாவு அரைத்திருக்க வேண்டும்!

1998ல் வந்த 'அன்னோ 1602' இந்த வகையை இன்னும் பெரிய கூட்டத்திடம் கொண்டுபோனது. உருவாக்கியது ஆஸ்திரியாவின் மாக்ஸ் டிசைன், வெளியிட்டது ஜெர்மனியின் ஸன்ஃப்ளவர்ஸ். தீவில் குடியேறும் மக்கள் படிப்படியாக உயர்வார்கள். முன்னோடிகள், குடியேறிகள், குடிமக்கள், அப்புறம் வணிகர்கள், கடைசியில் பிரபுக்கள். வணிகர் ஒருவர் என்றால் 'கௌஃப்மன்', பலர் என்றால் 'கௌஃப்லொய்டெ'. பன்மையில் சொல்லே மாறிவிடுகிறது. வணிகர்களைத் திருப்திப்படுத்தினால்தான் ஊர் வளரும் என்பதால், அந்தப் பன்மை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இந்தத் தொடரின் விளையாட்டுப் பெயர்களில் வரும் ஆண்டுகளைக் கூட்டினால் எப்போதும் ஒன்பதுதான் வரும் என்பது கூடுதல் தகவல். 1602, 1503, 1800 என்று கூட்டிப் பாருங்கள்.

காதுக்கு வந்த வேற்றுமை

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் தனிச்சொற்கள். மங்கி ஐலண்ட் வகை விளையாட்டுகளில் 'சாவியைக் கதவோடு பயன்படுத்து' என்பது 'பயன்படுத்து சாவி கதவு' என்ற தந்தி பாஷையில்தான் நிற்கும். டேர், டீ, டாஸ் எதற்கும் வேலை இல்லை. ஜெர்மனின் உண்மையான தலைவலியோ அங்கேதான் இருக்கிறது. தமிழில் வேற்றுமை உருபு பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டும். ஜெர்மனில் பெரும்பாலும் முன்னால் நிற்கும் அந்தச் சின்னச் சொல்தான் மாறும்.

அந்தக் குறையைத் தீர்த்தது குரல். 2001ல் பிரான்யா பைட்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'கோதிக்' என்ற விளையாட்டு வெளிவந்தது. மாயத் தடுப்புக்குள் அடைபட்ட ஒரு கைதிகள் குடியிருப்புதான் களம். கைதிகள் தனித்தனி முகாம்களாகப் பிரிந்து கிடக்கிறார்கள். பழைய முகாம், புதிய முகாம், சதுப்புநில முகாம். முகாமுக்கு ஜெர்மனில் 'லாகர்'. (வணிக விளையாட்டில் இதே சொல்லுக்குக் கிடங்கு என்று பொருள்.) பாத்திரங்கள் எல்லாம் வாய்விட்டுப் பேசும். கீழே எழுத்தும் ஓடும்.

புதிய முகாமுக்குப் போ என்றால் 'இன்ஸ் நொயெ லாகர்'. புதிய முகாமில் இருக்கிறான் என்றால் 'இம் நொயென் லாகர்'. நகர்வுக்கு ஒரு வேற்றுமை, இருப்புக்கு ஒரு வேற்றுமை. தமிழில் 'முகாமுக்கு', 'முகாமில்' என்பதற்கு இடையில் இருக்கும் அதே வித்தியாசம்தான். ஜெர்மன் பாடத்தில் பலர் தடுமாறி விழும் இடம் இது. கோதிக்கில் அங்கே போ, இங்கே வா என்று ஒவ்வொருவனும் விரட்டிக்கொண்டே இருப்பதால், இந்த இரண்டு வடிவங்களும் காதில் விழாத நாளே இருக்காது. கோதிக்கை உருவாக்கிய நிறுவனம் 2024ல் மூடப்பட்டுவிட்டது. அந்தக் குரல்கள் மட்டும் நிற்கின்றன.

பெட்டிக்குள் பூட்டிய மொழி

இவ்வளவு நல்ல வழி இருந்தும் 1990களில் வெளிநாட்டு மாணவனுக்கு இது எட்டாக்கனி. காரணம் வணிகம். அன்று ஒரு நாட்டில் விற்ற பெட்டியில் பெரும்பாலும் அந்த நாட்டு மொழி மட்டும்தான் இருக்கும். ஜெர்மன் பதிப்பு வேண்டுமென்றால் ஜெர்மனியில் இருந்து யாராவது வாங்கி வர வேண்டும்.

அப்படி வாங்கி வந்தாலும் ஒரு வேடிக்கை காத்திருக்கும். இளைஞர் பாதுகாப்பு விதிகள் ஜெர்மனியில் கடுமையாக இருந்தன. அதனால் 1995ல் வந்த 'கமாண்ட் அண்ட் கான்கர்' விளையாட்டின் ஜெர்மன் பதிப்பில் சிப்பாய்களை எல்லாம் இயந்திர மனிதர்களாக மாற்றிவிட்டார்கள். 1998ன் 'ஹாஃப் லைஃப்' கதையும் இதேதான். சிப்பாய்க்கு ஜெர்மனில் என்ன சொல் என்று தேடிப் போனவனுக்கு ரோபோதான் கிடைத்திருப்பான்.

2003ல் ஸ்டீம் என்ற இணைய விற்பனைத் தளம் வந்தது. அதன் பிறகு மெல்ல மெல்ல, ஒரே விளையாட்டுக்குள் பல மொழிகள் இருப்பதும், அமைப்புகள் பகுதியில் ஒரு சொடுக்கில் மொழியை மாற்றுவதும் சாதாரணமாகிவிட்டது. ஏற்கனவே ஆங்கிலத்தில் ஆடி முடித்த விளையாட்டை ஜெர்மனுக்கு மாற்றி மறுபடி ஆடலாம். கதை தெரியும், காட்சி தெரியும், மொழி மட்டும் புதிது. மொழி கற்கிறவர்களுக்கு இந்தச் சின்ன மாற்றம் எவ்வளவு பெரிய வரம் என்பதை அதை விற்றவர்கள் யோசித்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

அறிஞர்கள் சொன்னது

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு விளக்கம் முன்பே தயாராக இருந்தது. ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1980களின் தொடக்கத்திலேயே வலியுறுத்திய கருத்து இது: நமக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் கடினமான, ஆனால் சூழலை வைத்துப் புரிந்துகொள்ளக்கூடிய மொழியைக் கேட்டும் படித்தும்தான் மொழி உள்ளே இறங்குகிறது. பயமும் பதற்றமும் இருந்தால் அது வாசலிலேயே நின்றுவிடும்.

2003ல் ஜேம்ஸ் பால் ஜீ வீடியோ கேம்களையும் கற்றலையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு நல்ல கவனிப்பு உண்டு. ஒரு விளையாட்டின் கையேட்டை ஆடுவதற்கு முன் படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. சில மணிநேரம் ஆடிவிட்டு அதே கையேட்டைப் படித்தால் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். சொற்கள் மாறவில்லை. அந்தச் சொற்களுக்குப் பின்னால் இப்போது அனுபவம் வந்துவிட்டது.

பாடத்தையும் விளையாட்டையும் இணைக்கும் முயற்சிகள் பிற்பாடும் தொடர்ந்தன. 3600 ஆண்டுப் பழமையான நெப்ரா வானத்தகட்டை மையமாக வைத்து கோதே நிறுவனம் ஒரு சாகச விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. 2012ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட டுயோலிங்கோ, விளையாட்டின் புள்ளிகளையும் பரிசுகளையும் பாடத்தின் மேல் ஒட்டியது. நாள் தவறாமல் உட்கார வைப்பதில் அது கெட்டிக்காரன். ஆனால் உளவாளி விளையாட்டுக்கும் அதற்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே சொல் தெரிந்தால் கதவு திறக்கும். இங்கே சொல் தெரிந்தால் புள்ளி ஏறும். புள்ளி என்பது மதிப்பெண்ணின் தம்பிதானே?

எங்கே நிற்கும்?

இதனால் வகுப்பே தேவையில்லை என்று முடிவு கட்டினால் அது ஆபத்து. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பதால் அங்கே போக ஆசைப்படுகிறவர்கள் அதிகம். ஜெர்மன் வழிப் படிப்பில் சேர முறையான தேர்வில் தேறியாக வேண்டும். அந்தத் தேர்வு கட்டுரை எழுதச் சொல்லும், வாய் திறந்து பேசச் சொல்லும். மௌஸைச் சொடுக்கியே பழகியவன் அங்கே விழிப்பான்.

மரியாதை இன்னொரு சிக்கல். ஜெர்மனிலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு: 'டூ', 'ஸீ'. கோதிக்கின் கைதிகள் ஒருவரையொருவர் 'டூ' என்றுதான் விரட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் வெளிநாட்டவர் அலுவலக அதிகாரியிடம் போய் 'டூ' போட்டால் நிலைமை என்ன ஆகும்? விளையாட்டில் தப்பு செய்தால் சேமித்த இடத்தில் இருந்து மறுபடி தொடங்கலாம். அந்த வசதி அங்கே கிடையாது.

இருந்தாலும், மொழி கற்கிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்குக் காரணம் பல நேரம் மூளை போதாமல் இல்லை, அலுப்பு. கற்ற சொல்லுக்கு அன்றே ஒரு வேலை கிடைக்காததால் வரும் அலுப்பு. ஜெர்மனியில் இருப்பவனுக்கு அந்த வேலையைத் தெருமுனை ரொட்டிக்கடை தந்துவிடும். சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து படிப்பவனுக்கு அப்படி ஒரு கடை இல்லை. திரைக்குள் இருக்கும் பெக்கரிடம்தான் அவன் ரொட்டி வாங்க முடியும்.

ஆகவே அட்டவணையை வகுப்பில் படிக்கட்டும். படித்த சொல்லை அன்று இரவே உப்பு விற்கவும் கதவு திறக்கவும் பயன்படுத்தட்டும். ஒன்று மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்தால் பலன் உண்டு என்பதே இந்த நாற்பது ஆண்டுக் கதை சொல்லும் கணக்கு.